பீப் சத்தம் கேட்காத லேப்

காது கேளாத மாணவர்களுக்கு எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கிற வேலையில் தொண்டை கட்டாது. தோள்பட்டைதான் கழன்று விழும்.

லேப் எடுக்கிற சக ஆசிரியர்களே, ஃபியூஸ் போன பவர் சப்ளை, காணாமல் போகிற ஸ்க்ரூ டிரைவர், புகைந்துபோன டிரான்சிஸ்டர் என்று உங்களுக்கு இருக்கிற கஷ்டமெல்லாம் எனக்கும் உண்டு. அதற்கு மேல் எனக்கென்று சில தனிக் கஷ்டங்களும் உண்டு. அவற்றை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

ஆவடி தாண்டி வேப்பம்பட்டுப் பக்கம் இருக்கிற ஒரு கல்லூரியில், பி.எஸ்ஸி. எலெக்ட்ரானிக்ஸ் பிரிவில் காது கேளாதவர்களுக்கென்றே ஒரு வகுப்பு நடக்கிறது. மொத்தம் பதினான்கு பேர். வானகரத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் போய் அவர்களுக்கு லேப் எடுக்கிறேன். எனக்குத் துணை இரண்டு பேர். ஒருவர் ஸ்டெல்லா, சைகை மொழிபெயர்ப்பாளர். அவருடைய அப்பா, அம்மா இருவருக்குமே காது கேட்காது. அதனால் ஸ்டெல்லாவுக்கு வாய்ப் பேச்சு வருவதற்கு முன்பே கைப்பேச்சு வந்துவிட்டது. இன்னொருவர் லேப் அசிஸ்டென்ட் முருகேசன் அண்ணன். சைகையை யாரிடமும் கற்றுக்கொள்ளாமல், மாணவர்களோடு டீ குடித்தே பழகியவர்.

ஒரு ஜோடிக் கண்

முதல் நாள் ரொம்ப உற்சாகமாக ஆரம்பித்தேன். ஒரு கையில் மல்டிமீட்டரைத் தூக்கிக் காட்டினேன். "இந்த முள்ளை இங்கே வையுங்க, திரையில் எண் வருதா பாருங்க, சிவப்பு ஒயர் இந்தப் பக்கம்" என்று பேசிக்கொண்டே போனேன். பிறகு போர்டு பக்கம் திரும்பி, படம் வரைந்துகொண்டே இன்னும் கொஞ்சம் விளக்கினேன். மற்ற வகுப்புகளில் இதற்குத்தான் எனக்கு நல்ல பெயர். வேகமாக நடத்துவேன், நேரத்தை வீணாக்க மாட்டேன்.

திரும்பிப் பார்த்தால் ஒருவர்கூட மீட்டரைத் தொடவில்லை. பதினான்கு பேரும் ஸ்டெல்லாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீட்டரைப் பார்த்தால் நான் சொல்வது போய்விடும். சொல்வதைப் பார்த்தால் மீட்டர் போய்விடும். பாவம், அவர்கள் நான் சொல்வதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். "ஏன் யாருமே செய்யலை?" என்று நான் கேட்டதும், முன்வரிசையில் இருந்த கார்த்திகா எழுந்து மளமளவென்று கைகளை ஆட்டினாள். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண், யாருக்கும் பயப்படாதவள். ஸ்டெல்லா கொஞ்சம் தயங்கிவிட்டு அதை அப்படியே சொன்னார்: "மேடம், எங்களுக்கு ஒரு ஜோடிக் கண்ணுதான் இருக்கு. அதுகிட்ட எத்தனை வேலை வாங்குவீங்க?"

பெயர் சூட்டு விழா

காது கேளாதவர்கள் ஒருவரின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆளுக்கு ஒரு சைகைப் பெயர் வைத்துவிடுவார்கள். கொஞ்ச நாள் நம்மைக் கவனித்துவிட்டு, நம்மிடம் எது தூக்கலாகத் தெரிகிறதோ அதையே பெயராக்குவார்கள். நாமாகக் கேட்டு வாங்க முடியாது, வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கவும் முடியாது. எனக்கு அழகாக ஏதாவது கிடைக்கும் என்று நம்பியிருந்தேன். சுருட்டை முடி, கன்னத்து மச்சம் என்று என்னிடமும் இரண்டொன்று இருக்கிறதே. கடைசியில் வந்தது, இரண்டு கன்னங்களையும் உப்பவைத்து 'ஃபூ' என்று ஊதுவது. ஈயத்தை உருக்கி சால்டரிங் செய்யும்போது புகையை அப்படித்தான் ஊதித் தள்ளுகிறேனாம்.

இந்தச் சமாசாரம் பிரின்சிபால் சாரின் காதுக்குப் போனது. ஒரு நாள் லேபுக்குள் வந்து, "எனக்கும் பேர் வச்சிருக்காங்களாம்மா?" என்று ஆசையாகக் கேட்டார். பின்வரிசையில் இருந்த இம்ரான் உடனே உள்ளங்கையைத் தன் உச்சந்தலையில் வைத்து வழவழவென்று தடவி, விரல்களை விரித்து மின்னுவதுபோல் காட்டினான். சாரின் தலையில் ஒற்றை முடி கிடையாது. ஸ்டெல்லாவின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "பிரகாசமானவர்னு சொல்றாங்க சார்" என்றார்.

மீட்டருக்கு வந்த ஜுரம்

ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்க, மீட்டரின் இரண்டு முள்ளையும் ஒயரின் இரண்டு முனையிலும் வைப்போம். நல்ல ஒயராக இருந்தால் 'பீப்' என்று சத்தம் வரும். செய்முறைக் கையேட்டிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது: 'பீப் ஒலி கேட்கிறதா எனக் கவனிக்கவும்'. எங்கள் வகுப்பில் இந்த வரியைப் படித்ததும் ஒரே சிரிப்பு. திரையில் எண்ணும் வரும்தான். ஆனால் முள் நழுவாமல் ஒயரைப் பார்க்க வேண்டும், அதே நேரத்தில் திரையையும் பார்க்க வேண்டும். ஜோடிக் கண் பிரச்சினை மறுபடியும் வந்து நின்றது.

'நாமே ஒரு மீட்டர் செய்வோம்' என்று அவர்களிடமே விட்டுவிட்டேன். உடைந்த செல்போன்களில் இருந்து, அழைப்பு வந்தால் அதிருமே, அந்தக் குட்டி மோட்டாரை இம்ரான் கழற்றிக்கொண்டு வந்தான். அவன் மாமாவுக்கு ஆவடி மார்க்கெட்டில் செல்போன் கடை. இரண்டு பேட்டரி, இரண்டு முள், ஒரு பழைய பேனா மூடி. ஒயர் நன்றாக இருந்தால் பேனா மூடி கையில் நடுங்கும். கண் ஒயரிலேயே இருக்கலாம். முதலில் செய்த நான்கும் வேலை செய்யவில்லை, ஐந்தாவதில் மோட்டார் கழன்று ஓடியது. ஆறாவது உருப்படியாக வந்தது. அதை முருகேசன் அண்ணன் கையில் கொடுத்ததும், 'ஐயோ' என்று உதறிவிட்டுச் சொன்னார்: "இன்னா மேடம் இது, மீட்டருக்குக் குளிர் ஜொரம் வந்துகீது?"

கொசு செய்கிற அநியாயம்

மூன்றாவது பருவத்தில் ஒலி பற்றிய பாடம். 'இவங்களுக்கு அது எதுக்கு மேடம், விட்டுடலாமே' என்று சிலர் சொன்னார்கள். ஒலி என்பது அதிர்வுதானே, அதிர்வு தோலுக்குத் தெரியாதா? கேன்டீனில் ரவை வாங்கி வந்தோம். ஒலிபெருக்கியின் மேல் எவர்சில்வர் தட்டை வைத்து ரவையைத் தூவி, சத்தத்தை ஏற்ற ஏற்ற, ரவை கோலம் போட ஆரம்பித்தது. டியூனிங் ஃபோர்க் என்கிற இசைக்கவையைத் தட்டி முழங்கையில் வைத்தால், எலும்புக்குள் ஏதோ ஓடுவதுபோல் இருக்கிறது என்று நெளிந்தார்கள். பலூனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒலிபெருக்கி முன்னால் நின்ற செல்வம் கடைசிவரை நகரவே மாட்டேன் என்றான்.

பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. ஃபேன் சத்தம் போடுமா? போடும். ஃபிரிட்ஜ்? அதுவும்தான். எறும்பு? நமக்குக் கேட்காது. பல்லி? போடும், அதை வைத்துப் பலன்கூடப் பார்ப்பார்கள். கொசு? போடாமல் என்ன, காதுப் பக்கம் வந்து 'ங்ங்ங்' என்று பாடிவிட்டுத்தான் கடிக்கும் என்றேன். இம்ரான் எழுந்து நின்றுவிட்டான். முகத்தில் நிஜமான கோபம். ஆவடிக் கொசுவை அறிந்தவர்களுக்கு அந்தக் கோபத்தின் நியாயம் புரியும். ஸ்டெல்லா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவன் கேட்டதைச் சொன்னார்: "அப்போ உங்களுக்கு மட்டும் சொல்லிட்டுக் கடிக்குதா? எங்களை மட்டும் சொல்லாமலா?"

ரயில்வே கேட்டும் மின்சார ரயிலும்

சைகை மொழியில் எல்லா அறிவியல் சொல்லுக்கும் சைகை இல்லை. இருப்பதும் எல்லாருக்கும் தெரியாது. 'மின்தடை' (கரன்ட் கட் இல்லை, ரெசிஸ்டன்ஸ்) என்ற சொல் வரும்போதெல்லாம் எழுத்து எழுத்தாக விரலில் காட்டி ஸ்டெல்லா களைத்துப்போனார். சரி, நமக்கு நாமே ஒன்று வைத்துக்கொள்வோம் என்று முடிவானது. இம்ரான் ஒரு கையைக் குறுக்கே இறக்கினான். லெவல் கிராசிங் கேட். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கும் பிடித்திருந்தது. கார்த்திகா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கேட் விழுந்தால் வண்டி மொத்தமாக நின்றுவிடுமே, மின்தடையில் கரன்ட் நிற்கிறதா என்ன, குறைகிறது, அவ்வளவுதானே என்றாள். இரண்டு தோள்களையும் குறுக்கி, காலை நேரத்து மின்சார ரயிலில் கூட்டத்துக்குள் நெருக்கி ஏறுவதுபோல் செய்து காட்டினாள். போகலாம், ஆனால் கஷ்டப்பட்டுத்தான் போக வேண்டும்.

வகுப்பு இரண்டாகப் பிரிந்துகொண்டது. மேசையைத் தட்டுவதும், ஸ்டூலை இழுப்பதும், ஒருவரை ஒருவர் தோளில் தட்டிக் கூப்பிடுவதுமாகப் பெரிய சண்டை. பக்கத்து வகுப்புக் கணக்குப் பேராசிரியர் ஓடி வந்து, "மேடம், உங்க வகுப்பு அமைதியா இருக்கும்னு நம்பித்தானே பக்கத்து ரூமைக் கேட்டு வாங்கினேன்!" என்று புலம்பிவிட்டுப் போனார். நான் சண்டையை நிறுத்தவில்லை. மின்தடை என்றால் என்ன என்று நான் ஒரு மணி நேரம் நடத்தியிருந்தாலும் அவ்வளவு தெளிவாகப் புரிந்திருக்காது. கடைசியில் மின்சார ரயில்தான் ஜெயித்தது. இம்ரான் தோற்றதைக் காட்டிக்கொள்ளாமல், நிதானமாகக் கையைக் குறுக்கே இறக்கிக் காட்டினான்: "பரவாயில்லை, என் கேட்டை நான் சுவிட்சுக்கு வச்சுக்கறேன்."

தயிர்ச்சோறு

பெற்றோர் கூட்டத்துக்கு செல்வத்தின் அம்மா வந்திருந்தார். வேப்பம்பட்டிலேயே பல தலைமுறையாக விவசாயம் செய்த குடும்பம். இப்போது நிலத்தில் பாதி பிளாட்டாகிவிட்டது. அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறார். வீட்டில் யாருக்கும் சைகை தெரியாது. 'சாப்பிடு', 'தூங்கு', 'வா', 'போ' என்கிற அளவில் ஒரு வீட்டுச் சைகையோடுதான் அந்தப் பையன் வளர்ந்திருக்கிறான். செல்வம் தான் செய்த சர்க்யூட்டை அம்மாவுக்குக் காட்டி, இது எதற்கு, அது எதற்கு என்று விளக்க, ஸ்டெல்லா அதைப் பேச்சாக்கிக்கொண்டே போனார். அந்த அம்மா சர்க்யூட்டைப் பார்க்கவே இல்லை. மகனையும் ஸ்டெல்லாவையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தார். இவ்வளவு பேசுவானா என்று அவர் முகம் கேட்டது.

பிறகு மெதுவாக ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக ஒண்ணு கேளும்மா. அவனுக்கு இன்னா சோறு புடிக்கும்னு கேளு" என்றார். ஸ்டெல்லா கேட்டார். செல்வம் சிரித்துக்கொண்டே நீளமாகப் பதில் சொன்னான். மீன் குழம்பு பிடிக்குமாம், புளிச்சோறு பிடிக்குமாம், தயிர்ச்சோறு மட்டும் தொண்டையில் இறங்கவே இறங்காதாம். தினமும் டிபன் பாக்ஸில் தயிர்ச்சோறுதான் வருகிறது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் அழுதார். அழுது முடித்த கையோடு மகன் முதுகில் ஓர் அடி வைத்தார்: "அடப்பாவி, இத்தினி வருசமா மூச்சு வுடாம துன்னுகினு இருந்தியேடா!"

திரும்பிப்போன டயோடு

இறுதியாண்டு செய்முறைத் தேர்வுக்கு வேறொரு கல்லூரியிலிருந்து தேர்வாளர் ஒருவர் வந்தார். நல்ல மனுஷர், இளகிய மனசு. அதுதான் பிரச்சினை. முதலில் செல்வத்திடம் கேள்வி கேட்டார். அவன் ஸ்டெல்லாவைப் பார்க்க, இவர் தன்னைத்தான் பார்க்க வேண்டும் என்று குரலை உயர்த்தினார். மூன்றாவது தடவை உயர்த்தியபோது வராண்டாவில் போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். பிறகு மனசு கேட்காமல், 'பாவம், எதுக்குச் சிரமப்படுத்தணும்' என்று என்னிடம் சொல்லிவிட்டு, பதினான்கு பேருக்கும் முழு மதிப்பெண் போட்டுவிட்டார். இந்த விஷயம் ஒரு நொடியில் லேப் முழுக்கப் பரவியது. எல்லாருக்கும் கொண்டாட்டம். இம்ரான் நடனமே ஆடினான்.

கார்த்திகா மட்டும் ஆடவில்லை. அவள் மேசையில், மின்னலையைக் கோடாக வரைந்து காட்டுகிற சி.ஆர்.ஓ. திரையில் மேலே நிற்க வேண்டிய மேடுகள் எல்லாம் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. கரன்ட்டை ஒரு பக்கம் மட்டுமே விடுகிற டயோடைத் திருப்பிப் போட்டிருந்தாள். அது அவளுக்கே தெரிந்தும் இருந்தது. நேராகத் தேர்வாளரிடம் போய் அவர் சட்டையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். திரையைக் காட்டினாள். 'இது தப்பு. தப்புக்கு எப்படி முழு மார்க்?' என்று சைகையில் கேட்டாள். அவர் ஸ்டெல்லாவைப் பார்த்து, "இருக்கட்டும்மா, பரவாயில்லைன்னு சொல்லுங்க" என்றார். கார்த்திகா விடவில்லை. 'சரியா செஞ்சவங்களுக்கும் தப்பா செஞ்ச எனக்கும் ஒரே மார்க்னா, நீங்க எங்க வேலையைப் பார்க்கவே இல்லைன்னுதானே அர்த்தம்?' ஸ்டெல்லா அதையும் ஒரு சொல் விடாமல் சொன்னார்.

மனுஷர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஸ்டெல்லாவைத் தன் பக்கத்திலேயே நிற்கச் சொல்லி, முதலிலிருந்து ஒவ்வொரு மேசையாக, ஒழுங்காகத் தேர்வு நடத்தினார். மதியச் சாப்பாடு எல்லாருக்கும் தள்ளிப்போனது. செல்வம் நிஜமாகவே முழு மதிப்பெண் வாங்கினான். கார்த்திகா டயோடைத் திருப்பிப் போட்டு, ஏன் அப்படி ஆனது என்று விளக்கி, சில மதிப்பெண்களை மட்டும் இழந்தாள். கணக்கைப் பாதியிலேயே விட்டிருந்த இம்ரானுக்கு நிறையவே போயிற்று. 'நீ நேர்மையா இருக்கறதுக்கு என் மார்க்குதான் கிடைச்சுதா?' என்று கேட்டுவிட்டு, அவளிடம் ஒரு வாரம் கையை அசைக்காமல் இருந்தான். தேர்வாளர் கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "மார்க்கைக் கூட்டச் சொல்லி என் கால்ல விழுந்தவங்க உண்டு மேடம். குறைக்கச் சொல்லி சட்டையைப் பிடிச்சது இந்தப் பொண்ணு ஒண்ணுதான்."

ஹாரன்

கடைசிப் பருவத்தில் ஏதாவது ஒரு கம்பெனியில் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும். மற்ற பிரிவு மாணவர்களுக்கு இடம் சீக்கிரம் கிடைத்துவிடும். எங்களுக்கோ 'சொல்லி அனுப்பறோம்' என்கிற பதில்தான் நிறைய கிடைத்தது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கன்ட்ரோல் பேனல் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியின் முதலாளி தாமோதரன் மட்டும் நேரில் வரச் சொன்னார். கார்த்திகா, செல்வம், இம்ரான் மூவரையும் கூட்டிக்கொண்டு போனோம். வேலை செய்து காட்டியதைப் பார்த்துத் திருப்திதான். ஆனாலும் தலையை ஆட்டினார். "சரக்குத் தூக்குற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓடுற இடம் மேடம். பின்னாடி வந்து ஹாரன் அடிச்சா இவங்களுக்குக் கேக்காது. ஏதாவது ஆச்சுன்னா இவங்க அம்மா அப்பா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" அவர் சாக்கு சொல்லவில்லை, நிஜமாகவே பயப்பட்டார். செல்வம்தான் மெதுவாகக் கேட்டான்: 'ஹாரன் பட்டன் எங்கே இருக்குன்னு காட்டுவீங்களா?'

லேபுக்குத் திரும்பியதும் மூவரும் வேலையில் இறங்கினார்கள். ஹாரன் பட்டனை அழுத்தினால் ரேடியோ அலை கிளம்பும். கையில் கட்டியிருக்கிற பட்டை அதிரும். யோசனை சுலபம்தான். முருகேசன் அண்ணன் ஃபோர்க்லிஃப்டாக நடித்தார், பழைய பேட்டரிகள் ஏற்றிய தள்ளுவண்டியோடு. வராண்டாவில் முதுகைக் காட்டி நின்ற இம்ரான் மேல் இரண்டு தடவை மோதினார். அதன் பிறகு பட்டை அதிர ஆரம்பித்தது. ஆனால் அதை நிறுத்த முடியவில்லை. வெளியே யாராவது காரை ரிமோட்டில் பூட்டினாலும் இவர்கள் துள்ளிக் குதித்தார்கள். சரியான குறியீடு வந்தால் மட்டுமே அதிரும்படி கார்த்திகா மாற்றி எழுதினாள். அதற்கே பல நாள் பிடித்தது. தாமோதரன் பட்டையைத் தன் கையிலேயே கட்டிக்கொண்டு, காதில் அடைப்பானைச் செருகி, பின்னால் ஹாரன் அடிக்கச் சொல்லி, பட்டறைக்கு நடுவே கண்ணை மூடி நின்று பார்த்தார். அப்புறம்தான் சம்மதித்தார். தரையில் மஞ்சள் கோடு போட்டு, வண்டிக்குச் சுழல் விளக்கும் மாட்டினார். ஆனால் இரண்டு பேருக்குத்தான் இடம். சால்டரிங் சுத்தமாக இருந்த கார்த்திகாவையும் செல்வத்தையும் எடுத்துக்கொண்டார். இம்ரான் திரும்பும் வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தான். பிறகு தன் மாமா கடையிலேயே பயிற்சி எடுக்க அனுமதி வாங்கிக் கொடுத்தோம். இப்போது அங்கே வாட்ஸாப் வீடியோவில் சைகையிலேயே ரிப்பேர் கேட்கிற வாடிக்கையாளர்கள் வருகிறார்கள், அவனைத் தேடி.

இரண்டாவது வாரம் தாமோதரனிடமிருந்து போன் வந்தது. "மேடம், உங்க பிள்ளைங்களைப் பத்திக் கொஞ்சம் பேசணும்" என்றார். யாருக்கு அடிபட்டது, கையா, காலா என்று கேட்டேன். "அடியெல்லாம் இல்லைங்க" என்று பெருமூச்சு விட்டார். "மெஷின் ஓடுற சத்தத்துல இங்க யாரும் யார்கிட்டயும் பேச முடியாது. இவங்க ரெண்டு பேர் மட்டும் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நாள் முழுக்க அரட்டை அடிக்கிறாங்க மேடம்! அதைப் பார்த்து என் ஆளுங்களும் கத்துக்கிட்டானுங்க. இப்போ என் எதிர்லயே என்னைப் பத்திப் பேசறானுங்க, எனக்குத்தான் ஒண்ணும் புரியலை!"

இப்போது வீட்டிலும் கையை ஆட்டாமல் ஒரு வாக்கியம்கூட என்னால் முடிக்க முடிவதில்லை என்பதால், நான் சமையலறையில் கையில் கரண்டியோடு பேச ஆரம்பித்தால் என் கணவர் இரண்டடி தள்ளி நின்றே பதில் சொல்கிறார்.